கறிவேப்பிலைக்கு உள்ளே இடம்

பண்டாரவளைக்கு மேலே இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கறிவேப்பிலை லேசில் பிழைக்காது. தை மாதம் வெள்ளைப் பனி இறங்கினால் தேயிலைக் கொழுந்தே கருகிவிடும், கறிவேப்பிலை எம்மாத்திரம்? ஆனாலும் என் மாமியார் பதுளையிலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்த கன்றை ஒரு பெயின்ட் வாளியில் வளர்த்தார். மார்கழி பிறந்ததும் வாளி வீட்டுக்குள் வந்துவிடும். என் கணவருக்குக் கொழும்பில் வேலை. நானும் மாமியாரும் மகளும் லயத்து வரிசை வீட்டில் ஒரே அறையில் படுப்போம். அதிலும் ஜன்னலோர மூலை செடிக்கு. "பெத்த மகனக்கூட இப்படிப் பாத்திருக்க மாட்டீங்க மாமி" என்று கேலி செய்வேன். அவரும் சிரிப்பார்.

போன தையில் அந்தச் சிரிப்பு நின்றது. ஒரு சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்த மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். மாதவிலக்கு. வயதுக்கு வந்தபிறகு, செடி உள்ளே இருக்கையில் அவளுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. மாமியார் உடனே அவள் பாயைச் சுருட்டி, பின்னால் தகரம் அடித்த அடுப்படியில் போட்டார்.

"தீட்டு பட்டா செடி கருகிப்போகும். மூணு நாளைக்குப் புள்ள இங்கன படுக்கட்டும்."

அந்த அடுப்படிக்குள் நாலு பக்கமும் காற்று நுழையும். மகளோ இளைப்புக்காரி. முந்தின வருடம்தான் மூச்சு முட்டி ஆஸ்பத்திரியில் கிடந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"செடி வீட்டுக்குள்ள, புள்ள குளிர்லயா மாமி?"

"நானா சொல்றேன்? ஊரு ஒலகமே சொல்லுது."

"அவளுக்கு மூச்சு முட்டுனா ஊரு ஒலகமா தூக்கிட்டு ஓடும்?"

வாளியை இரண்டு கையாலும் தூக்கினேன். மாமியார் வாசலை மறித்தார். மகள் சுவரோடு ஒட்டிக்கொண்டு எங்களை மாறி மாறிப் பார்த்தாள். "வழி விடுங்க!" என்று நான் கத்தியதில் பக்கத்து வீட்டுக் காம்பராவில் டிவி சத்தம் குறைந்தது. அவர் விலகினார். செடியை வாசலில் வைத்து உரச்சாக்கால் மூடினேன். அது இருந்த மூலையிலேயே மகளுக்குப் பாயை விரித்தேன். இளைப்பில்லாமல் தூங்கினாள். ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

காலையில் சாக்கு விறைத்துக் கிடந்தது. உள்ளே இலையெல்லாம் கறுத்துத் தொங்கியது.

"பாத்தியா? தீட்டு" என்றார் மாமியார்.

"பனி மாமி, பனி!" வெளுத்துக் கிடந்த புல்லைக் காட்டினேன். பக்கத்து வீட்டுப் பூசணிக்கொடி கருகியிருந்ததையும் காட்டினேன். அவர் திரும்பியும் பார்க்கவில்லை. மகள்தான் கறுத்த இலைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அன்று கொழுந்து பறித்து முடித்து நான் வந்தபோது, அவள் தானாகவே பாயை எடுத்துப்போய் அடுப்படியில் விரித்து உட்கார்ந்திருந்தாள்.

"செடிதான் போயிருச்சே, உள்ள வாடி" என்றேன்.

"வேணாம்மா" என்றாள். "உள்ள சாமி படம் இருக்கு."