நாய்க்குக் கேட்ட மருந்து

மாமாவை ஏமாற்ற முடியாது என்பது எங்கள் தெருவுக்கே தெரியும். ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லின் லேபில் அவருக்கு வேலை. நூலை மிஷினில் மாட்டி, அறுகிற வரை இழுத்துப் பார்த்து, தேறுமா தேறாதா என்று சொல்ல வேண்டும். வீட்டுக்கு வந்தாலும் அந்தப் புத்தி விடாது. ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா வாங்கும்போதுகூட மேலே கொஞ்சம், நடுவே கொஞ்சம், அடியில் கொஞ்சம் எடுக்கச் சொல்லி ருசி பார்ப்பார்.

"ஒண்ண மட்டும் பாத்துட்டு நம்பிரக் கூடாது" என்பார். கடைக்காரர் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருக்கும். பால்கோவாவுக்காகப் பொறுத்துக்கொள்வேன்.

எண்பதுகளின் கடைசியில் அவர் மனைவிக்கு, அதாவது என் அப்பாவின் அக்காவுக்கு, மார்பில் கட்டி வந்தது. புற்றுதான், ஆனால் இப்போதே ஆபரேஷன் செய்தால் பிழைக்கவைக்கலாம் என்று மதுரை டாக்டர் சொல்லிவிட்டார். அத்தை அரிவாள்மணையில் விரல் பட்டாலே மயங்கி விழுகிறவள். ஸ்ரீவில்லிபுத்தூரில் மடவார் வளாகத்துப் பக்கம் ஒரு வைத்தியர் மலை மூலிகையால் கட்டியைக் கரைக்கிறார் என்று யாரோ சொன்னதும் அதையே பிடித்துக்கொண்டாள்.

அம்மாவுக்கு மனசு ஒப்பவில்லை. "அண்ணே, மதினிய மொதல்ல மதுரைக்குக் கூட்டிட்டுப் போங்க. பொறவு எந்த மருந்தும் குடிக்கட்டும்" என்றாள்.

"நான் என்ன கண்ண மூடிட்டா குடுக்கப் போறேன், தங்கச்சி? டெஸ்ட் பண்ணாம ஒரு சொட்டு அவ வாயில படாது" என்றார் மாமா.

மருந்து வாங்கப் போன பஸ் பயணம் இப்போதும் எனக்குக் கனவில் வருகிறது. மலை கூடவே வந்தது. அதன் தலையில் மேகம் படுத்திருந்தது. தென்னந்தோப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக நழுவிப் போக, அத்தை மாமாவின் தோளில் சாய்ந்து தூங்கினாள். மாமாவின் தலையில் மில் பஞ்சு வெள்ளையாக ஒட்டியிருந்தது. எனக்கு எங்கேயும் போய்ச் சேராமல் அப்படியே போய்க்கொண்டிருந்தால் போதும் என்று இருந்தது. வைத்தியர் வீட்டு முற்றத்தில் இலைகள் காய்ந்துகொண்டிருந்தன. "நம்பிக் குடிங்க தாயி" என்று அவர் கனிவாகத்தான் சொன்னார்.

அத்தை ஒரு வெள்ளை நாய் வளர்த்தாள். எங்கள் ராஜபாளையம் ஜாதி, இளசு. அதன் முன்னங்காலிலும் சிவப்பாக ஒரு கட்டி, சட்டைப் பொத்தான் போல, முளைத்திருந்தது. மாமா அதற்குத்தான் முதலில் மருந்து கொடுத்தார். மில்லிலிருந்து நூல் கொண்டுவந்து, தினமும் கட்டியைச் சுற்றி அளந்து, துண்டு வெட்டிச் சுவரில் ஒட்டினார். நூல் குட்டையாகிக்கொண்டே வந்தது. ஒரு நாள் அளக்க ஒன்றுமே இல்லை.

"ஏட்டி, கரைஞ்சிருச்சு பாத்தியா!" என்று மாமா கத்தினார். அத்தை நாயைக் கட்டிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன், சந்தோஷத்தில். ஆபரேஷனுக்குக் குறித்த நாள் வந்துபோனது. அம்மாவைத் தவிர யாரும் அதை நினைக்கவில்லை.

அதன் பிறகு எல்லாம் பச்சை வாசனையடித்த மத்தியானங்கள். அத்தை இலைச்சாற்றைக் குடித்துவிட்டுப் பாயில் படுப்பாள். நான் ஒரு பக்கம், நாய் ஒரு பக்கம். உதட்டோரம் பச்சையோடு அவள் தூங்குவதைப் பார்த்துக்கொண்டே நானும் தூங்கிப்போவேன். அவள் கை வளையல் முழங்கை வரைக்கும் ஏறியபோதுகூட, விளையாட்டுக்கு ஏற்றிக்கொள்கிறாள் என்றுதான் நினைத்தேன். அவளுடைய கட்டியை மட்டும் மாமா நூல் வைத்து அளக்கவே இல்லை. கடைசியில் மதுரைக்குத் தூக்கிக்கொண்டு போனபோது, வலிக்கு மட்டும் மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். அத்தை போய்விட்டாள். எனக்கு அவளை அவ்வளவு பிடிக்கும்.

அடுத்த வருஷம் தெருக்கோடி டெய்லர் வீட்டு நாய்க்கும் காலில் அதே போலப் பொத்தான் கட்டி வந்தது. அவர்கள் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. நான்தான் பள்ளிக்கூடம் போகும்போதும் வரும்போதும் குனிந்து குனிந்து பார்த்தேன். ஒரு நாள் பார்த்தால் கட்டியைக் காணோம். இதை யாரிடமாவது சொல்லியாக வேண்டுமே. மில் விட்டு சைக்கிளில் வந்த மாமாவை வழியிலேயே மறித்தேன்.

"மாமா, டெய்லர் வீட்டு நாய்க்கும் கட்டி கரைஞ்சிருச்சு!"

"மருந்து எங்க வாங்குனாங்களாம்?"

"ஒண்ணுமே குடுக்கல மாமா. தானாவே போயிருச்சு."

"ஒண்ணுமேயா?"

"ஒரு சொட்டுகூட இல்ல!"

சைக்கிள் அவர் கையிலிருந்து சரிந்தது. அதைத் தூக்கி நிறுத்தாமல், தெருவென்றும் பார்க்காமல், மாமா அப்படியே மண்ணில் உட்கார்ந்து வாயைத் துண்டால் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. நல்ல சேதி சொன்னால் இவர் ஏன் இப்படி அழுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை. ஒருவேளை சரியாகக் கேட்கவில்லையோ என்று, அவர் காதருகே குனிந்து இன்னும் சத்தமாகச் சொன்னேன்: "மாமா, நாய்க்குச் சரியாயிருச்சு!"