நடுவில் ஒரு பை

ஊரில் எத்தனை மாடிக் கட்டடங்கள் உண்டோ அத்தனையிலும் அவனுக்கு ஆள் தெரியும். லிஃப்ட் பழுது பார்ப்பவன். அதனால் கம்பெனியில், தெருவில், டீக்கடையில் எல்லாருக்கும் அவன் 'லிஃப்ட்டு'. பெண்டாட்டி மட்டும் 'என்னங்க' என்பாள். கோபம் வந்தால் அவளுக்கும் லிஃப்ட்டுதான்.

ஆள் சரியான வாயாடி. இரண்டு மாடிக்கு நடுவில் லிஃப்ட் நின்றுபோய் உள்ளே நாலு பேர் அலறிக்கொண்டிருந்தால், கம்பெனியில் முதலில் இவனைத்தான் அனுப்புவார்கள். கதவுக்கு வெளியே சம்மணம் போட்டு உட்கார்ந்து, "பயப்படாதீங்க, நான் இங்கதான் இருக்கேன், எங்கயும் போயிட மாட்டேன். சொல்லுங்க, என்ன வேலை பாக்கறீங்க?" என்று ஆரம்பித்தானென்றால், உள்ளே அழுதுகொண்டிருந்தவர்கள் கதவு திறக்கும்போது சொந்தக் கதையைப் பாதி சொல்லி முடித்திருப்பார்கள். மீதியையும் சொல்லிவிட்டுத்தான் வெளியே வருவேன் என்று ஒரு அம்மா அடம்பிடித்தாராம். இது அவன் சொன்னது. நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

அப்பேர்ப்பட்ட வாய், மாமியாரைக் கண்டால் மட்டும் கப்சிப்.

மாமியாரும் லேசுப்பட்டவர் இல்லை. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் துணி துவைக்கும் பிரிவை மேற்பார்வை பார்த்து ஓய்வு பெற்றவர். அறை உயரத்துக்கு நிற்கும் மெஷின்களின் இரைச்சலுக்கு மேலே குரல் கொடுத்துப் பழகியவர். ஒரு பார்வை பார்த்தால் அங்கே வேலை செய்தவர்கள் அவரவர் மெஷினுக்கு ஓடிவிடுவார்கள். கல்யாணப் பேச்சு நடந்தபோது அவர், "பைக்ல பறக்கற பயலுக்கெல்லாம் என் பொண்ணைத் தர மாட்டேன்" என்று சொன்னது இவன் காதில் விழுந்துவிட்டது. விழுந்துவிட்டது என்று அவருக்கும் தெரிந்துவிட்டது. கல்யாணம் என்னவோ ஜாம்ஜாமென்று நடந்தது, பேச்சுதான் நடக்கவில்லை. அன்றிலிருந்து அவர் மாப்பிள்ளைக்கு மரியாதை கொடுத்தார், இவன் அத்தைக்கு மரியாதை கொடுத்தான். மரியாதை என்றால் சாதாரண மரியாதையா? முகத்துக்கு முகம் பார்க்காத மரியாதை. இத்தனை வருஷமாக அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

போன மாதம் அவர் தன் ஊரில், தனியாக வாடகைக்கு இருந்த ஒற்றை அறையில், தலைசுற்றி விழுந்துவிட்டார். பக்கத்து வீட்டுக்காரி எதற்கோ கதவைத் தட்டி, பதில் வராமல், ஆட்களைக் கூப்பிட்டாள். கதவை உடைத்துத்தான் தூக்கினார்கள். எவ்வளவு நேரம் கிடந்தீர்கள் என்று யார் கேட்டாலும் "கொஞ்ச நேரம்" என்பார். மகள் ஓடிப்போய் அழைத்து வந்து தன்னோடு வைத்துக்கொண்டாள்.

அந்த மாதம் வீட்டில் நடந்த கூத்தைக் கேளுங்கள். மாமியார் ஃபிரிட்ஜைப் பார்த்து, "சாப்பாடு ஆறுது" என்பார். லிஃப்ட்டு வந்து உட்கார்ந்து சாப்பிடுவான். சுவரைப் பார்த்து, "பாத்ரூம் வழுக்குது" என்பார். மறுநாள் பாத்ரூமில் பிடித்துக்கொள்ள ஒரு ஸ்டீல் கம்பி முளைத்திருக்கும். அவனுடைய யூனிஃபார்ம் சட்டையில் பல வருஷத்து கிரீஸ் கறை, இனி அது சட்டையோடுதான் போகும் என்று இருந்தது. ஒரு நாள் காலையில் பார்த்தால் காணோம். கண்ணாடி முன்னால் அப்படியும் இப்படியும் திரும்பிப் பார்த்துக்கொண்டான். உச்சி குளிர்ந்துவிட்டது. ஒரு தேங்க்ஸ் சொல்லலாம் என்று கூடத்துக்கு வந்தான். மென்று முழுங்கிவிட்டு வேலைக்குப் போனான்.

அவனுக்கு அவரைப் பிடித்திருந்தது, அதுதான் விஷயம். அவன் அம்மா போய்ச் சேர்ந்து வெகு காலம் ஆகியிருந்தது. சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போது விளக்கு எரிவதும், உள்ளே யாரோ பாத்திரம் உருட்டுவதும் அவனுக்கு வேண்டியிருந்தது.

மாதம் முடிந்ததும் மாமியார் பையைக் கட்டிவிட்டார். மருமகன் வீட்டில் எத்தனை நாள்தான் ஒட்டிக்கொண்டு இருப்பது என்று மகளிடம் சொல்லிவிட்டார். அன்று காலை அடுப்படியில் பெண்டாட்டி இவனை மடக்கினாள்.

"நான் எத்தனை தடவை கெஞ்சறது? மாப்பிள்ளை வாயிலேர்ந்து ஒரு வார்த்தை வரட்டும்னு இருக்காங்க. எனக்குத் தெரியாதா எங்கம்மாவை?"

"நான் சொன்னேன்னு நீயே சொல்லிடேன்."

"ஏன், நான் என்ன கொரியர் கம்பெனியா நடத்தறேன்? நீங்களே கொண்டுபோய் விடுங்க. பஸ் ஏறறதுக்குள்ள கேட்டுடுங்க." குரல் உடைந்துவிட்டது. "திரும்ப அந்த ரூம்ல விழுந்தா யாருங்க பாப்பாங்க?"

அவன் தலையாட்டினான். டாக்ஸி கூப்பிடப் போனான். மாமியார் செருப்பு வைக்கும் அலமாரியிடம், "இந்தா இருக்கற பஸ் ஸ்டாண்டுக்கு டாக்ஸி ஒரு கேடு" என்றார். அதனால் பைக்.

இவனுக்கு வண்டி விஷயத்தில் தலைக்கனம் கொஞ்சம் ஜாஸ்தி. ஒரு தடவைகூட விழுந்ததில்லை என்று ஊரெல்லாம் தம்பட்டம். கம்பெனியில் புதிதாக யார் பைக் வாங்கினாலும் பிடித்து உட்கார வைத்துப் பாடம் எடுப்பான். "அடைமழையை நம்பலாம்ப்பா, முதல் தூறலை நம்பாதே. ரோட்டுல ஊறிக் கிடக்கற எண்ணெயெல்லாம் அப்பதான் மேல வரும். வெள்ளைக் கோட்டு மேல பிரேக் போடாதே. பின்னாடி உக்காரறவங்க உன்கூடவே சாயணும், அதை ஏறும்போதே சொல்லிடு." எல்லாம் மனப்பாடம். ஆனால் தன் பின் டயர் தேய்ந்து வழுக்கையாகிவிட்டதை அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிக்கொண்டே இருந்தான்.

மாமியார் மகளின் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஏறினார். ஏறியதும் தன் பையை எடுத்து இருவருக்கும் நடுவில் வைத்தார். பையா அது? காம்பவுண்டு சுவர். இரண்டு கையையும் பின்னால் கொண்டுபோய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மருமகன் மேல் விரல் நகம்கூடப் படாமல் நிமிர்ந்து உட்கார்ந்தார். என்னைப் பிடிச்சுக்குங்க, திரும்பும்போது என்கூடச் சாயுங்க என்று சொல்ல வேண்டிய இடம் அது. அத்தையிடம் போய் என்னைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று எப்படிச் சொல்வது? வாயை மூடிக்கொண்டு வண்டியைக் கிளப்பினான்.

தெருமுனை தாண்டியதும் தூற ஆரம்பித்தது. அவனுக்கு ரோட்டில் புத்தி இல்லை. ஹெல்மெட்டுக்குள் ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. 'அத்தை, இங்கயே இருந்துடலாமே' — சேச்சே, ஏதோ கடைக்காரன் பேசுகிற மாதிரி இருக்கிறது. 'அத்தை, உங்க பொண்ணு ஆசைப்படறா' — அப்போ நீ ஆசைப்படலையா என்று நினைத்துவிட்டால்? இப்படியே ரவுண்டானா வந்துவிட்டது. வளைவில் வண்டி இடது பக்கம் சாய்ந்தது. பின்னால் இருந்தவர், ஐயோ விழப்போகிறது என்று வலது பக்கம் சாய்ந்தார். முன்னால் போன கார் சட்டென்று நின்றது. இவன் முன் பிரேக்கைப் பிடித்தான். எங்கே? ரோட்டில் போட்டிருந்த வெள்ளை அம்புக்குறியின் மேல், முதல் தூறலில், வழுக்கை டயரோடு. பாடத்தில் ஒன்று பாக்கி விடவில்லை.

நடந்து போகிற வேகம்தான். வண்டி தூக்கம் வந்த எருமை மாதிரி மெதுவாகப் படுத்தது. பை ஒரு பக்கம் உருண்டது, மாமியார் இன்னொரு பக்கம் உட்கார்ந்தபடியே வழுக்கிக்கொண்டு போனார். இவன் கால் வண்டிக்கு அடியில் மாட்டிக்கொண்டது. அவருக்கு என்ன ஆச்சோ என்று தலையைத் தூக்கிப் பார்ப்பதற்குள் ஒரு குரல் கேட்டது பாருங்கள், ரவுண்டானாவே ஒரு நிமிஷம் நின்றுவிட்டது.

"டேய்! அடிபட்டுடுச்சாடா? அசையாதே, காலை இழுக்காதே!"

இவன் திருதிருவென்று விழித்தான். டேயா? யாரை? சுற்றுமுற்றும் பார்த்தான். இவனைத்தான்.

மாமியார் எழுந்து ஹெல்மெட்டோடு ஓடி வந்தார். வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்கு உடனே வேலை கொடுத்துவிட்டார். "நீ சாவியைத் திருப்பி வண்டியை அணை. நீங்க ரெண்டு பேரும் ஹேண்டிலைப் பிடிங்க. குடைக்காரரே, சும்மா நிக்காம வர்ற வண்டியை நிறுத்துங்க!" பழைய துணிப் பிரிவு ஆட்கள் பார்த்திருந்தால் அவர்களும் ஓடி வந்து வரிசையில் நின்றிருப்பார்கள். வண்டி தூக்கப்பட்டது. கால் வெளியே வந்தது. முட்டியில் சிராய்ப்பு, பேண்டில் கிழிசல், அவ்வளவுதான். அவருக்கு உள்ளங்கையில் தோல் உரிந்திருந்தது. அதை அவர் கவனிக்கவே இல்லை, இவன் காலைத்தான் அமுக்கி அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எதிரே மருந்துக் கடை. கடைக்காரர் பஞ்சும் மருந்துமாக வந்து துடைத்துவிட்டு, வாசலில் இருந்த பெஞ்சைக் காட்டினார். கூட வந்த நிபுணர்கள் தீர்ப்புச் சொன்னார்கள். ஒருவர் டயர் என்றார். ஒருவர் பிரேக் என்றார். குடைக்காரர் ரோட்டில் அடித்த பெயிண்டைத் திட்டினார். மழை வலுத்ததும் நிபுணர்கள் பறந்துவிட்டார்கள். பெஞ்சில் இவர்கள் இருவர் மட்டும் இருந்தார்கள். சேறான பை காலடியில் கிடந்தது.

மாமியார்தான் ஆரம்பித்தார். இந்தத் தடவை மழையிடம் இல்லை, இவனிடம்.

"நான்தான் எதிர்ப்பக்கம் சாஞ்சுட்டேன், இல்ல?"

"தப்பு உங்க மேல இல்லத்தை. நான் ஏறும்போதே சொல்லியிருக்கணும். ஊருக்கெல்லாம் சொல்றேன். உங்ககிட்ட சொல்ல வாய் வரல."

"ஏன், நான் என்ன கடிச்சா தின்னுடுவேன்?"

"பயமா இருக்கும்த்தை."

அவர் அவனைத் திரும்பிப் பார்த்தார். சிரிப்பு வந்ததோ என்னவோ, அடக்கிக்கொண்டார். "கோவத்துல டேய்னு சொல்லிட்டேன் மாப்பிள்ளை. மனசுல வெச்சுக்காதீங்க."

"ஐயோ, மாத்திடாதீங்கத்தை. அப்படியே கூப்பிடுங்க. என்னை அப்படிக் கூப்பிட இப்ப ஆளே இல்ல."

அவர் கடைக்குள் மாட்டியிருந்த கடிகாரத்தை எட்டிப் பார்த்தார். "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றார்.

இதுதான் இடம் என்று அவனுக்குத் தெரிந்தது. ஹெல்மெட்டுக்குள் ஒத்திகை பார்த்த வசனம் ஒன்றுகூட ஞாபகத்துக்கு வரவில்லை.

"போகாதீங்கத்தை."

"அவ கேக்கச் சொன்னாளா?"

"சொன்னா. ஆனா இது அவ சொன்னதில்ல. லிஃப்ட்டுல மாட்டிக்கிட்டவங்க ஒரு பட்டனை அமுக்குவாங்க. அமுக்கினா மணி அடிக்கும், நான் ஓடிப்போவேன், கதவுக்கு வெளிய உக்காந்து பேசிக்கிட்டே இருப்பேன். யாரு எவருன்னு தெரியாதவங்களுக்கே அப்படி உக்காந்திருக்கேன். நீங்க அந்த ரூம்ல தனியா கிடந்தப்ப அமுக்க ஒரு பட்டன் இல்லையேத்தை. யாருமே கதவுக்கு வெளிய இல்லையே. அதை நினைச்சா எனக்குச் சோறு இறங்க மாட்டேங்குது."

மழை தகரக் கூரையில் கொட்டியது. மாமியார் தோல் உரிந்த உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"கொஞ்ச நேரம் இல்லப்பா," என்றார் கடைசியில். "சாயங்காலம் விழுந்தேன். மறுநாள் மத்தியானம்தான் தூக்கினாங்க. அவகிட்ட சொல்லாதே."

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. தெரியாமல் இருக்கத் தலையைக் குனிந்து முட்டிக் காயத்தை ஊதுகிற மாதிரி ஊதினான்.

அப்போது ஃபோன் அடித்தது. பெண்டாட்டி.

"ஏறிட்டாங்களா? கேட்டீங்களா, இல்லையா?"

"ஏறல. விழுந்துட்டோம்."

"என்னது!"

மாமியார் ஃபோனைப் பிடுங்கிக்கொண்டார். "ஒண்ணுமில்லடி, கத்தாதே. சிராய்ப்புதான். உன் புருஷன் பேண்டைக் கிழிச்சு, சட்டை பூரா ரோட்டு எண்ணெயைப் பூசி வெச்சிருக்கான். தண்ணில போட்டா கறை உறைஞ்சுடும், நான் வந்து பாத்துக்கறேன்." அந்தப் பக்கத்திலிருந்து ஏதோ கேள்வி. "ஆமா, வரேன். அங்கதான் வரேன். வேற எங்க போவேன்?"

அந்தப் பக்கம் அழுகையா சிரிப்பா என்று தெரியாத சத்தம் கேட்டது. ஃபோனை வைத்துவிட்டு மாமியார் எழுந்தார். வண்டியைச் சுற்றி வந்து பின் டயரைக் காலால் தட்டிப் பார்த்தார். "இதுல பூவே இல்லையேடா, மொழுக்குன்னு தேஞ்சு கிடக்கு. பஸ் டிக்கெட் காசு இருக்கு, முதல்ல இதை மாத்து." மழை விட்டதும் அவன் வண்டியைப் பக்கத்து டயர் கடைக்குத் தள்ள, அவர் கூடவே போய், நின்று, மாற்றிய பிறகுதான் நகர்ந்தார்.

"பையைக் குடுங்கத்தை, முன்னாடி டேங்க் மேல வெச்சுக்கறேன்" என்றான் அவன். அவர் கொடுத்தார். ஏறி உட்கார்ந்து, அவன் தோள் இரண்டையும் பிடித்துக்கொண்டார். பிடியென்றால் பிடி, ஈரப் போர்வை பிழிகிற கை அது.

வழியெல்லாம் இவன் வாய் ஓயவில்லை. "இப்ப இடது பக்கம் திரும்பறோம்த்தை, என்கூடவே சாயுங்க. ஆங், அப்படித்தான். முன்னாடி பள்ளம் இருக்கு, மெதுவாப் போறேன். வெள்ளைக் கோடு வருது, பிரேக் போட மாட்டேன், பயப்படாதீங்க. நான் இங்கதான் இருக்கேன்." பின்னால் இருந்தவர் ஒவ்வொரு வளைவிலும் அவனோடு சாய்ந்தார். இவன் சந்தோஷத்தில், திரும்பி முடித்து நேர் ரோட்டில் வெகுதூரம் வந்த பிறகும் இண்டிகேட்டர் டிக் டிக்கென்று அடித்துக்கொண்டிருந்ததைக் கவனிக்கவில்லை.

தோளில் ஒரு குலுக்கல் விழுந்தது.

"டேய், அதை அணைடா. நேரா வீட்டுக்குத்தானே போறோம்?"