கடைசித் தாளில் ஒரு பொட்டு

என் தம்பி மகளைக் கல்லூரியில் எல்லோரும் கொசு என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் அவ்வளவு சின்னது. ஒருவர் காதருகே போய் நின்றாள் என்றால் காரியம் முடியும்வரை நகரமாட்டாள், அதற்கும் சேர்த்து வைத்த பெயர் அது. மாணவர் சங்கத்துக்கு அவளைச் செயலாளர் ஆக்கியதே அந்தத் தொல்லை தாங்காமல்தான் என்பேன் நான்.

படிப்புக்காக என் வீட்டில் தங்கியிருக்கிறாள். புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு நான் தனிக்கட்டை. அதே கல்லூரியில் சங்கக் கட்டடத்தைப் பெருக்கித் துடைப்பதும், கூட்டம் நடந்தால் டீ போட்டுக் கொடுப்பதும் என் வேலை. படிப்பு கிடையாது. எழுத்தைப் பார்த்தால் எனக்கு எறும்பு ஊர்வது மாதிரி இருக்கும்.

கொஞ்ச நாளாக அவள் வீட்டுக்குள் நுழைந்ததும் தாழ் போட்டுவிட்டுக் கதவில் காதை வைத்து நிற்க ஆரம்பித்தாள்.

"என்னடி, கதவு உன்கிட்ட ரகசியம் பேசுதா?"

"யாராவது வராங்களான்னு பாக்கறேன் அத்தே."

"நம்ம வீட்டுக்குக் கூப்பிட்டாலே எவனும் வரமாட்டான். வந்து சாப்பிடு."

சாப்பாட்டில் கையை வைத்துக்கொண்டே அழுதாள். பிறகுதான் சொன்னாள். நூலகத்திலிருந்து பஸ் நிறுத்தத்துக்கு நடக்கும்போது யாரோ பின்னால் வருகிறானாம். இவள் நின்றால் அவனும் நிற்பானாம். திரும்பினால் வேலிச் செடிதான் இருக்குமாம். முகம் தெரியாது. வலது காலை வைக்கும்போது மட்டும் அவன் பூட்ஸ் கீச் என்று கத்துமாம்.

"கையில கெடச்சதை எடுத்து அடிக்க வேண்டியதுதானே?"

"யாரை அத்தே? காத்தையா?"

வாய்தான் அப்படிப் பேசியது. ராத்திரி தாழ்ப்பாளை நானும் ஒரு தடவை இழுத்துப் பார்த்தேன். மறுநாள் வாட்ச்மேனிடம் போய்ச் சொன்னேன்.

"பொண்ணுங்க நேரத்தோட வீட்டுக்குப் போயிடணும்மா" என்றான்.

"அப்ப உனக்கு எதுக்குய்யா சம்பளம்? அதுங்க வீட்டுல உக்காந்துக்கிட்டு உன் கேட்டைக் காக்கணுமா?" என்று கேட்டுவிட்டு வந்தேன். அதனால் ஒன்றும் ஆகவில்லை.

கொசு வழியை மாற்றினாள். அச்சகத்துப் பின்னால் ஒரு சந்து உண்டு. சுற்றுவழி. எந்நேரமும் மெஷின் ஓடும் சத்தம். என்னைத் தவிர வேறு யாரிடமும் சொல்லவில்லை. "இப்ப அந்தச் சத்தம் கேக்கல அத்தே" என்றாள். அன்றைக்குத்தான் ஒழுங்காகச் சாப்பிட்டாள்.

அந்த வாரம் சங்கத்தில் பெரிய கூட்டம். வருஷம் முழுக்க என்னென்ன நடத்துவது என்று ஆளுக்கொன்று கேட்டிருந்தார்கள். மூன்றுக்கு மேல் நடத்த ஆளும் இல்லை, இடமும் இல்லை என்று கல்லூரி சொல்லிவிட்டது. அதனால் முன்னுரிமை போடுகிறார்களாம். எது முதலில், எது பிறகு என்பதற்கு அவ்வளவு பெரிய வார்த்தை. ஒவ்வொன்றையும் பெரிய தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினார்கள். ஆட்டபாட்டம், விளையாட்டு, சின்ன வகுப்புக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பது, இரத்ததானம், சுற்றுலா. ஜன்னல் ஓரத்துக் கடைசித் தாள் கொசு எழுதியது. வழித்துணை. இருட்டில் போகிறவர்களோடு கூட நடக்க ஆள். ஆளுக்கு ஒரு சிவப்பு வட்ட ஸ்டிக்கர் கொடுத்து, பிடித்த தாளில் ஒட்டச் சொன்னார்கள். பார்த்தால் அசல் பொட்டுதான்.

தலைவன் பையன் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "வழித்துணையாம். இங்க யாருக்குப்பா வழி தெரியாது? கை தூக்குங்க, மேப் தர்றோம்" என்றான். ஒரே சிரிப்பு.

போச்சு. கடைசித் தாள் பக்கம் ஒருத்தரும் போகவில்லை. ரெட்டைப் பின்னல்காரி ஒருத்தி மட்டும் கிட்டே போனாள். யார் பார்க்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தாள். அப்படியே நகர்ந்து ஆட்டபாட்டத்தில் ஒட்டிவிட்டாள். அங்கே பொட்டு வைத்தால் 'உனக்கு என்ன ஆச்சு?' என்று கேட்பார்கள் இல்லையா?

கொசுவும் வைக்கவில்லை. என் டீ மேஜையோரம் நின்றாள். பொட்டு அவள் விரல் நுனியிலேயே ஒட்டியிருந்தது.

"போய் வையேன்டி. நீ எழுதினதுதானே?"

"எல்லாரும் பாக்கறாங்க அத்தே."

அப்போது வெளியே மழை பிடித்தது. மைக் அண்ணன் நனைந்துகொண்டே உள்ளே வந்தான். கடைசி வருஷத்துப் பையன். மைக் கட்டுவது, நாற்காலி தூக்குவது, வயர் இழுப்பது எல்லாம் அவன்தான். அத்தனை பெண்களுக்கும் அண்ணன். முதல் டீ அவனுக்குத்தான் கொடுப்பேன். மற்ற நாளில் பூட்ஸை வாசலில் விட்டுவிட்டு வருவான். அன்று மழைக்குப் பயந்து காலிலேயே போட்டுக்கொண்டு வந்தான்.

கீச்.

கொசு என் மணிக்கட்டைப் பிடித்தாள். நகம் பதிந்தது.

அவன் சுவரை நோக்கி நடந்தான். ஒரு கால் சும்மா, ஒரு கால் கீச். எல்லாத் தாளையும் தாண்டி ஜன்னலோரம் போனான். கடைசித் தாளில் அவன் பொட்டை வைத்து அழுத்தினான்.

எல்லோரும் கை தட்டினார்கள்.

"தங்கச்சிங்க பயப்படக்கூடாதுங்க. நானே துணைக்கு வர்றேன்" என்றான். பிறகு எங்கள் பக்கம் பார்த்துச் சிரித்தான். "மொதல்ல நம்ம கொசுவைக் கொண்டுபோய் விடறேன். அந்த அச்சகத்துச் சந்துல மெஷின் ஓடற சத்தத்துல நீ கத்தினாக்கூட ஒருத்தருக்கும் கேக்காதும்மா."

அந்த வழி எனக்கும் அவளுக்கும் மட்டும்தான் தெரியும். அந்தச் சந்திலும் அவன் பின்னால் வந்துகொண்டுதான் இருந்திருக்கிறான். மெஷின் சத்தத்தில் அவன் பூட்ஸ் சத்தம் அமுங்கிப் போயிருக்கிறது, அவ்வளவுதான்.

கொசு என் கையை விட்டாள். நடந்து போய் அவனுக்கு எதிரே நின்றாள். தொண்டையைச் செருமினாள்.

"அண்ணே, நான் அந்த வழியா போறேன்னு யார் சொன்னாங்க?"

"யாரோ சொன்னாங்க."

"யாரு?"

"உங்க அத்தைதான் சொல்லியிருப்பாங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "சொல்லியிருந்தா என் நாக்கு அழுகிப் போகும்டா! உங்கிட்ட டீ வேணுமான்னு கேட்டதைத் தவிர வேற என்ன பேசினேன்?" என்று கத்தினேன். கையிலிருந்த கெட்டிலை மேஜையில் நங்கென்று வைத்தேன்.

தலைவன் இறங்கி வந்தான். "ஏய் கொசு, சின்ன விஷயத்தைப் போய்..."

"கொஞ்சம் நடங்கண்ணே" என்று மைக் அண்ணனிடம் சொன்னாள் கொசு, தலைவனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல்.

"எதுக்கு?"

"சும்மா. இங்கேருந்து வாசல் வரைக்கும்."

அவன் அசையவில்லை. பின்வரிசையில் ரெட்டைப் பின்னல்காரி எழுந்தாள். அவள் முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது.

"நடங்கண்ணே. எனக்கும் கேக்கணும்."

அவன் யாரையும் பார்க்காமல் வாசலுக்குப் போனான். எவ்வளவு மெதுவாக வைத்தாலும் அந்த வலது கால் கத்தியது. ஒவ்வொரு கீச்சுக்கும் யாராவது ஒரு பெண் தலை நிமிர்ந்தது. இவன் பின்னால் போனது இத்தனை பேரையா!

கொசு முதலில் அவன் பொட்டைக் கிள்ளி எடுத்து என் எச்சில் டம்ளர் வாளியில் போட்டாள். அந்த இடத்தில் தன்னுடையதை வைத்தாள். பின்னல்காரி ஆட்டபாட்டத்திலிருந்து தன் பொட்டைப் பிய்த்து எடுத்துக்கொண்டு வந்தாள். பிறகு மற்றவர்கள் வந்தார்கள். எனக்குப் படிக்கத் தெரியாவிட்டால் என்ன, ஜன்னலோரத் தாள் சிவந்து போனது தெரியாதா? தலைவன் மைக்கை அணைத்துவிட்டான். மேப் பற்றி அப்புறம் அவன் வாயைத் திறக்கவில்லை.

மைக் அண்ணன் மேல் புகார் கொடுத்திருக்கிறார்கள். விசாரிக்கிறார்களாம். அவன் அன்றிலிருந்து கல்லூரிக்கு வருவதில்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. வந்தால் எங்கே இருக்கிறான் என்றாவது தெரியும்.

வழித்துணை நடக்கிறது. யாரோடு போவது என்பதைப் போகிறவளே சொல்லவேண்டும், ஒற்றை ஆளோடு யாரும் போகக்கூடாது. இது கொசு போட்ட சட்டம். அச்சகத்துச் சந்து வழியாகத்தான் வீட்டுக்குப் போகவேண்டிய பெண்கள் சிலர் உண்டு. அவர்களோடு நாங்களும் போகிறோம். சந்து வரும்வரை காதைக் கிழிக்கிற அரட்டை. உள்ளே நுழைந்ததும் ஒருத்திக்கும் வாய் இருக்காது.

நேற்று நடுச்சந்தில் கொசு நின்றுவிட்டாள்.

"அத்தே, கேக்குதா?"

"மெஷின்டி."

"அதுக்கு அடியில?"

நானும் நின்று கேட்டேன். பிறகு அவளை இழுத்துக் கூட்டத்துக்கு நடுவில் விட்டுக்கொண்டு, வேகமாக நடக்கச் சொன்னேன்.