பாங்காக் பாலிசியும் தள்ளிப்போன நாளும்

1. ஒரு செவ்வாய்க்கிழமை போன்

"சார், நாள் தள்ளிப் போயிருக்கு."

செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு, தி.நகர் ஆபீசில் இரண்டாவது டீயை உறிஞ்சிக்கொண்டிருந்தபோது போனில் எனக்கு வந்த செய்தி இது. பேசியவர் பாக்கியத்தம்மா. ரங்கநாதன் தெருவை ஒட்டிய சந்தில் புடவைக் கடை வைத்திருக்கும் தங்கவேல் அண்ணாச்சியின் மனைவி. அவர்களுடைய ஒரே மகள் கவிதாவுக்குக் கல்யாணமாகி இரண்டு மாதம். மாப்பிள்ளை முத்துக்குமாருக்கு பாங்காக்கில் இன்ஜினியர் வேலை. லீவு முடிந்து அவர் மூன்று வாரத்துக்கு முன்னால் கிளம்பிவிட்டார். விசா கைக்கு வந்ததும் கவிதாவும் அந்த ஞாயிற்றுக்கிழமை விமானம் ஏறுவதாக ஏற்பாடு. அங்கே அவள் இருப்பதற்கான ஹெல்த் பாலிசியை இன்சூரன்ஸ் ஏஜென்ட்டான நான்தான் போட்டுக்கொடுத்திருந்தேன். ஞாயிறன்று அது ஆரம்பம்.

இந்த நிலைமையில் நாள் தள்ளிப் போயிருக்கிறது என்றால் எனக்கு என்ன புரியும்? அதுதான் புரிந்தது.

"எத்தனை நாள்மா தள்ளியிருக்கு?" என்றேன்.

"பன்னெண்டு நாள் சார்."

"அவ்வளவுதானே? இதெல்லாம் சகஜம்மா. மாப்பிள்ளைக்குத் தெரியுமா?"

"அவருக்குத்தான் மொதல்ல சொன்னா. சந்தோசத்துல அவருக்குப் பேச்சே வரலியாம்."

மனைவி வருவது பன்னிரண்டு நாள் தாமதமானதற்குச் சந்தோஷப்படுகிற புது மாப்பிள்ளையை நான் அதுவரை பார்த்ததில்லை. சரி, அவரவர் குடும்பம், நமக்கென்ன என்று விட்டுவிட்டேன்.

"அண்ணாச்சிகிட்ட சொல்லிட்டீங்களா?"

பாக்கியத்தம்மாவின் குரல் இறங்கியது. "அவுககிட்ட இன்னும் சொல்லல சார். நீங்களும் சொல்லிராதீங்க. தெரிஞ்சா குதிப்பாக."

டிக்கெட்டை மாற்றினால் ஏர்லைன்ஸ்காரன் தண்டம் போடுவான். எந்த அப்பாதான் குதிக்க மாட்டார்?

"பாலிசி பாரத்துல மட்டும் குறிச்சுக்கிடுங்க சார். பின்னால மறைச்சிட்டோம்னு பேச்சு வரப்பிடாதுல்லா."

"இப்பவே குறிச்சுடறேன்மா. நீங்க நிம்மதியா இருங்க."

வாசிக்கும் பெண்கள் இந்நேரம் சிரித்து முடித்திருப்பீர்கள். நானோ டீயை மூடி வைத்துவிட்டு, 'பயணம் பன்னிரண்டு நாள் தள்ளிப்போகிறது, பாலிசி ஆரம்பத் தேதியையும் அதேபோல மாற்றித் தரவும்' என்று கம்பெனிக்கு மெயில் தட்டினேன். ஞாயிற்றுக்கிழமை ஆரம்பிக்க வேண்டிய பாலிசி, அதற்கடுத்த வாரத்து வெள்ளிக்கிழமைக்குப் போனது. சாயங்காலத்துக்குள் திருத்திய காகிதமும் வந்துவிட்டது. என் சுறுசுறுப்பை நானே மெச்சிக்கொண்டேன்.

2. அண்ணாச்சி பாலிசி எடுத்த விதம்

அந்த பாலிசியை அவர்கள் எப்படித் தேர்ந்தெடுத்தார்கள் என்று சொல்லாவிட்டால் என் தப்பின் முழு அளவு உங்களுக்குத் தெரியாது.

போன் வருவதற்கு ஒரு வாரம் முன்னால் அண்ணாச்சி என்னைக் கடைக்கே வரச் சொன்னார். மதியம், கூட்டமில்லாத நேரம். புடவை விரித்துக் காட்டும் மெத்தையில் என்னை உட்கார வைத்தார். ஒரு பக்கம் பாக்கியத்தம்மா, ஒரு பக்கம் கவிதா.

"இருக்கிறதையெல்லாம் எடுத்துப் போடும் சார். பாத்துட்டுச் சொல்லுதோம்."

ஐந்து கம்பெனி பிரசுரங்களை விரித்தேன். ஒவ்வொன்றையும் அண்ணாச்சி கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார். தடிமனான காகிதம் உள்ள கம்பெனி மேல் அவருக்கு உடனே மரியாதை வந்தது.

உலகம் முழுக்கச் செல்லும் பாலிசி இருக்கிறது, அமெரிக்காவை மட்டும் விட்டுவிட்டால் விலை பாதிக்குப் பாதி குறையும் என்றேன்.

"இருக்கட்டும் சார். பேருக்கு ஒரு அமெரிக்கா கிடக்கட்டுமே."

"அப்பா, நான் போறது பாங்காக்ப்பா" என்றாள் கவிதா. அமெரிக்கா நீங்கியது.

அடுத்து டிடக்டிபிள். தமிழில் சொன்னால் புரியும் என்று நினைத்து, "பில் தொகையிலிருந்து முதல்ல கொஞ்சம் கழிச்சுடுவாங்க அண்ணாச்சி" என்றேன். அவர் முகம் மலர்ந்தது.

"ஆடித் தள்ளுபடி மாதிரியா?"

"இல்ல அண்ணாச்சி. அந்த முதல் தொகையை நீங்க கட்டணும். அதுக்கு மேல வர்றதைத்தான் கம்பெனி கட்டும்."

"அப்ப தள்ளுபடி அவனுக்கு! நல்லா வியாபாரம் பண்ணுதான்."

மெட்டர்னிட்டி பற்றிச் சொல்லும்போதுதான் சற்று சூடானார். பிரசவச் செலவுக்குத் தனியாக பிரீமியம் கட்டவேண்டும், கட்டினாலும் பன்னிரண்டு மாதம் காத்திருப்புக் காலம் உண்டு, அதற்குள் ஆகும் பிரசவத்துக்கு ஒன்றும் வராது என்றேன். "தலைப்பிரசவம் நம்ம வீட்டுலதான். அதுக்கு எதுக்கு பாங்காக்காரனுக்கு அழணும்? அடிச்சிரும்" என்றார். கவிதா ஏதோ சொல்ல வாயெடுத்துவிட்டுப் போனைப் பார்க்க ஆரம்பித்தாள். நான் அந்த வரியை அடித்துவிட்டேன்.

பிறகு படிவம். உயரம், எடை, ஆபரேஷன், அலர்ஜி. அடுத்த கேள்வி, 'தற்போது கர்ப்பமாக இருக்கிறீர்களா?' அப்பா எதிரே உட்கார்ந்திருக்கும்போது புதுப் பெண்ணிடம் இதை எப்படிக் கேட்பது? நானே 'இல்லை' என்று டிக் அடித்துவிட்டு அடுத்த பக்கம் திருப்பினேன். அன்றைக்கு அது உண்மையாகத்தான் இருந்திருக்கும், குறைந்தபட்சம் அவர்களுக்குத் தெரிந்தவரையில். ஆனால் கேட்காமல் அடித்த டிக் எப்போதும் பொய்தான். இதைப் பயிற்சி வகுப்புகளில் நான் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவன்.

3. பீன்ஸ்

சனிக்கிழமை காலை சாந்தோமில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் என் மனைவி ஸ்டெல்லா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். முப்பது வருஷம் பள்ளிக்கூட டீச்சர். விடைத்தாள் திருத்தும் பார்வை இன்னும் போகவில்லை.

"அண்ணாச்சி பொண்ணு நாளைக்குத்தானே கிளம்புது?" என்றாள்.

"இல்ல. நாள் தள்ளிப் போயிருக்காம். பன்னெண்டு நாள்."

கத்தி நின்றது. "யாரு சொன்னாங்க?"

"அவங்கம்மா."

"எப்படிச் சொன்னாங்க? வார்த்தை மாறாம சொல்லுங்க."

சொன்னேன். மாப்பிள்ளைக்குச் சந்தோஷத்தில் பேச்சு வராததையும், அண்ணாச்சியிடம் சொல்லாததையும், பாரத்தில் குறித்துக்கொள்ளச் சொன்னதையும். ஸ்டெல்லா முதலில் கத்தியைக் கீழே வைத்தாள். பிறகு புடவைத் தலைப்பால் வாயைப் பொத்தினாள். பிறகு அதுவும் பயனில்லாமல் வாய்விட்டே சிரித்தாள்.

"ரெண்டு பிள்ளை பெத்த மனுஷன்! நான் உங்ககிட்ட அதே வார்த்தையைத்தானே சொன்னேன்? அப்பவும் 'எந்த நாளு'ன்னுதான் கேட்டீங்க."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. விமானம் தள்ளிப்போகவில்லை. அந்தப் பெண் நாளைக்குக் கிளம்புகிறாள், வயிற்றில் பிள்ளையோடு. அவள் கையில் இருக்கும் பாலிசி அவள் போய்ப் பன்னிரண்டு நாள் கழித்துத்தான் உயிர் பெறும். அதிலும் கர்ப்பம் இல்லை என்று எழுதியிருக்கிறது. அங்கே ஆஸ்பத்திரியில் ஏதாவது ஒன்று என்றால், மறைத்தீர்கள் என்று சொல்லி பாலிசியையே ரத்து செய்துவிடுவார்கள். மறைக்க வேண்டாம் என்று போன் போட்டுச் சொன்னது பாக்கியத்தம்மா. கேட்டுக்கொண்டு மறைத்தவன் நான்.

சட்டையை மாட்டிக்கொண்டு ஆட்டோ பிடித்தேன். நந்தனம் சிக்னலில் வண்டி நின்றது. நான் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதைக் கண்ணாடியில் பார்த்த டிரைவர், "இன்னா சார், ஊட்ல எதுனா விசேஷமா?" என்றார்.

"ஆமாம்பா. ஆனா என் வீட்ல இல்ல."

4. புடவை அடுக்குக்குப் பின்னால்

சனிக்கிழமை ஆதலால் கடையில் நல்ல கூட்டம். அண்ணாச்சி ஒரு கல்யாண கோஷ்டிக்குப் பட்டு விரித்துக்கொண்டிருந்தார். பாக்கியத்தம்மாவும் கவிதாவும் பின்பக்கம் சரக்கு அறையில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் உள்ளே போய், மூச்சு வாங்க, நடந்ததைச் சொன்னேன்.

பாக்கியத்தம்மா நெற்றியில் அடித்துக்கொண்டார். "பொம்பள இதுக்கு மேல எப்படி சார் சொல்லுவா? பச்சையாவா சொல்லுவா?"

"தப்பு என்னுதுதாம்மா. திரும்பக் கேட்டிருக்கணும்."

கவிதாதான் நிதானமாக இருந்தாள். "டாக்டரைப் பாத்துட்டேன் சார், அடையாறுல. பிளேன்ல போகலாம்னுட்டாங்க. இப்ப எனக்கு ஒண்ணுதான் தெரியணும். அங்க எனக்கோ பிள்ளைக்கோ ஏதாவது ஆச்சுன்னா யாரு பாப்பா?"

நேரான கேள்விக்கு நேரான பதில் சொன்னேன். இப்போது உண்மையை எழுதினாலும் இந்த பாலிசி மற்ற நோய்களுக்குத்தான் உதவும், இந்தப் பிரசவத்துக்கு உதவாது. எந்தக் கம்பெனியின் தனி பாலிசியும் அப்படித்தான்.

"அப்ப அப்பா சொல்றதுதான் நடக்கும். தெரிஞ்ச உடனே போகவேண்டாம்னுடுவாரு. பிள்ளை பிறந்து மூணு மாசம் வரைக்கும் இங்கதான். அதான் சார் மறைச்சோம்." அவள் கண் கலங்கிவிட்டது. "பிள்ளை பிறக்கிறப்ப அவரு பக்கத்துல இருக்கணும்னு ஆசை. அது தப்பா?"

அப்போதுதான் முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய இன்னொரு கேள்வி ஞாபகம் வந்தது. "உங்க வீட்டுக்காரருக்கு ஆபீஸ்ல எல்லாருக்கும் சேர்த்துப் போடற குரூப் பாலிசி உண்டா?"

"அது அவருக்கு மட்டும்தான்னு சொன்னாரு."

"அவரு படிச்சுப் பாத்தாரா, யாராவது சொன்னாங்களா?"

வீடியோ காலில் முத்துக்குமாரைப் பிடித்தோம். தலை சீவாமல், பல் தேய்க்கும் பிரஷ்ஷோடு வந்தார். "ஹெச்.ஆர்.லேர்ந்து ஏதோ மெயில் வந்துச்சு சார். நாப்பது பக்கம். அப்புறமா பாக்கலாம்னு..."

"இப்பவே பாருங்க தம்பி."

பிரஷ்ஷை வைத்துவிட்டுப் படித்தார். இருபத்தாறாம் பக்கத்தில் இருந்தது. மனைவி அந்த நாட்டில் வந்து இறங்கிய முப்பது நாளுக்குள் பெயர் கொடுத்தால் சேர்த்துக்கொள்வார்கள். உடல்நலக் கேள்விகள் கிடையாது. மகப்பேறுக்குக் காத்திருப்புக் காலம் கிடையாது. கடைசி வரியை அவரை இரண்டு தடவை படிக்கச் சொன்னேன், அதை எழுத்தில் வாங்கி எனக்கு அனுப்பவும் சொன்னேன். அவர் பெயர் கொடுக்கும் வரை காய்ச்சல், விபத்துக்கு ஒரு சின்ன டிராவல் பாலிசி போதும். நான் விற்ற பாலிசியை ரத்து செய்து பணத்தைத் திருப்பி வாங்கிவிடலாம். என் வாழ்க்கையில் ஒரு விற்பனையை இழந்ததற்கு அவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.

"சொன்னேன்ல, ஒண்ணும் ஆகாதுன்னு" என்றார் முத்துக்குமார், எல்லாவற்றையும் தானே முன்கூட்டித் திட்டம் போட்டவர் போல. கவிதா போனை அணைத்தாள்.

திரும்பிப் பார்த்தால், புடவை அடுக்கு ஓரத்தில் அண்ணாச்சி. கையில் பாதி மடித்த பட்டு. எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது.

5. இன்னொரு படிவம்

குதிப்பார் என்றார்களே, குதிக்கவில்லை. பட்டை ஒழுங்காக மடித்து முடித்தார். அடுக்கில் வைத்தார்.

"பன்னெண்டு நாள்லயே சாருக்குச் சொல்லியாச்சு. அப்பனுக்குச் சொல்லல" என்றார்.

"சாருக்குச் சொல்லியும் என்ன? அவருக்குத்தான் புரியலியே" என்றார் பாக்கியத்தம்மா.

அண்ணாச்சி மகளைப் பார்த்தார். "அங்க பிள்ளை பெத்தா உன்னைக் குளிப்பாட்ட யாருளா இருக்கா? பிள்ளைக்கு எண்ணெய் தேய்க்க யாரு இருக்கா?"

"அவரு இருக்காருப்பா."

"பல்லு தேய்க்கவே பத்து மணி ஆவுது அவனுக்கு."

யாருக்கும் சிரிக்கத் தைரியமில்லை. கவிதா அழுதாள், சத்தமில்லாமல். அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார்.

"சார், அந்த குரூப்பு பாலிசியில பொண்ணைப் பெத்தவங்க வருவாகளா?"

"வர மாட்டாங்க அண்ணாச்சி. நீங்க போய் இருக்கணும்னா தனியா டிராவல் பாலிசி எடுக்கணும்."

"அப்ப எடும். ரெண்டு பேருக்கு. எந்த மாசம்னு இவகிட்ட கேட்டுக்கிடும்."

"கடை?" என்றார் பாக்கியத்தம்மா. இருபத்தெட்டு வருஷத்தில் பொங்கல், தீபாவளி தவிர கடைக்கு லீவு விடாத மனிதர் அவர்.

"கடை எங்க ஓடிரும்?"

பிரசவ மாதத்துக்கு இன்னும் எத்தனையோ நாள் இருக்கிறது, இப்போது அவசரமில்லை என்றேன். கேட்கவில்லை. பையில் இருந்த படிவத்தை எடுக்க வைத்தார். இந்தத் தடவை நான் எதையும் நானாக டிக் அடிக்கவில்லை. ஒவ்வொரு கேள்வியையும் சத்தமாகப் படித்தேன்.

"உடம்புக்கு ஏதாவது உண்டா அண்ணாச்சி?"

"ஒண்ணும் கிடையாது."

எழுதப் போனேன். அவர் கை என் பேனாவைப் பிடித்தது. மகளை ஒரு தடவை பார்த்தார், மனைவியைப் பார்க்கவில்லை.

"சுகர்னு எழுதும். நாலு வருசமா. மாத்திரை கல்லாப்பெட்டியில இருக்கு."

பாக்கியத்தம்மா கட்டிக்கொண்டிருந்த பெட்டியை விட்டுவிட்டு எழுந்தார். "நாலு வருசமாவா? தெனமும் மூணு கரண்டி சீனி போட்டுல்லா காப்பி குடுத்தேன்!"

"நல்லாத்தான் இருந்துச்சு" என்றார் அண்ணாச்சி.

முப்பத்தோரு வருஷம் நான் படிவம் நிரப்பியிருக்கிறேன். தவறான தகவல் தந்தால் பாலிசி செல்லாது என்று ஒவ்வொன்றின் அடியிலும் தடித்த எழுத்தில் அச்சடித்திருக்கும். அந்த மிரட்டலுக்குப் பயந்து உண்மையைச் சொன்ன ஒருவரையும் நான் பார்த்ததில்லை. அண்ணாச்சியைச் சொல்ல வைத்தது வேறு. பேரப்பிள்ளைக்கு எண்ணெய் தேய்க்க பாங்காக் போகவேண்டும், போன இடத்தில் தான் விழுந்து மகளுக்குப் பாரமாகிவிடக்கூடாது, அவ்வளவுதான். இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு என்னிடம் இருப்பது இந்த ஒரு பாடம்தான். என்ன வியாதி என்று கேட்பதற்கு முன்னால், எதற்காகப் போகிறீர்கள் என்று கேளுங்கள். அதற்குப் பதில் சொல்லிவிட்டால் மிச்சத்தை அவர்களே சொல்லிவிடுவார்கள்.