பெரட்டில் கூப்பிடாத பெயர்

அன்று விடியலில், வேலைக்குப் பெயர் கூப்பிடும் பெரட்டில் நின்றவர்கள்... அம்மா காத்தாயி, நான், பாக்கியம் அக்கா, பக்கத்து வீட்டு முனியம்மா, கணக்கு எழுதும் கிராணி, பெயர் கூப்பிட்ட மண்டோர்.

இன்று காலை செனாவாங்கில், தன் மகள் வீட்டில், பாக்கியம் அக்கா போய்விட்டார். அந்த நாளைச் சொல்ல இனி நான் ஒருத்திதான்.

கோலா சாவா பக்கம் எங்கள் ரப்பர் எஸ்டேட். வெள்ளைக்காரர் ஆட்சி, காட்டில் கம்யூனிஸ்ட்டுகளோடு சண்டை நடந்த அவசரகாலம். நாங்கள் குடியிருந்த லயத்தைச் சுற்றி முள்கம்பி வேலி, ஒரே கேட், அதில் சோதனை.

அப்பாவைச் சந்தேகத்தில் போலீஸ் பிடித்துத் தடுப்புக் கேம்பில் போட்டிருந்தது. அம்மா ரப்பர் மரத்தில் பால் வெட்டித்தான் நாங்கள் சாப்பிட்டோம்.

பாக்கியம் அக்கா எஸ்டேட் டிஸ்பென்சரியில் மருந்து ஊற்றிக் கொடுப்பவர். பாட்டில் நாம்தான் கொண்டுபோக வேண்டும். முனியம்மா நீட்டிய பாட்டிலை ஒருநாள் முகர்ந்து பார்த்தார்.

"ஏண்டி, இது மருந்துக் கடையா கள்ளுக்கடையா? போய் சுடுதண்ணி ஊத்திக் கழுவிட்டு வாலா."

எங்களுக்கு டாக்டர் மாதிரி இருந்த டிரஸ்ஸர் 'கிடையாது' என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவார். ஏன் கிடையாது, யாருக்குக் கிடைக்கும் என்று ஜன்னலில் நின்று சொல்வது அக்காதான்.

அம்மாவுக்கு வந்த காய்ச்சல் விடவே இல்லை. வேலைக்குப் போகாதவளுக்கு எஸ்டேட் மருந்து இல்லை என்று டிரஸ்ஸர் சொல்லிவிட்டார்.

ரந்தாவ் கடையில் வாங்கலாம்... கேட்டில் பிடுங்கிக்கொள்வார்கள். காட்டில் இருப்பவர்களுக்குப் போகுமாம். சிரம்பான் ஆஸ்பத்திரிக்குப் போகப் பாஸ் வேண்டும். கேம்பில் இருப்பவன் பெண்டாட்டிக்கு யார் கொடுப்பார்கள்?

அன்று சாயங்காலம் அக்கா வந்து அம்மாவின் பாய் ஓரம் உட்கார்ந்தார்.

"காத்தாயி, இங்க மருந்து காய்ச்சலுக்கு இல்ல, பேருக்கு. வேலைக்காரங்க புஸ்தகத்துல உன் பேர இன்னும் அடிக்கல. காலையில பெரட்டுல கூப்பிடுறப்ப 'இருக்கேன்'னு ஒரு வார்த்தை சொல்லிடு. சொல்லிட்டா அன்னிக்கு நீ வேலைக்காரி. அப்புறம் அங்கேயே மயங்கி விழு, டிரஸ்ஸர் பாத்துத்தான் ஆகணும்."

"விழறதுக்கு நடிக்க வேணாம்க்கா," என்றார் அம்மா. இரண்டு பேரும் சிரித்தார்கள்.

விடியும் முன்னே ஒரு பக்கம் அக்கா, ஒரு பக்கம் நான். நடுவில் அம்மா, நெருப்பாகக் கொதித்துக்கொண்டு.

மண்டோர் வரிசையாகக் கூப்பிட்டார். முனியம்மா பெயர் வந்தது. அடுத்து அம்மா பெயர்தான் வரும், எப்போதும் அப்படித்தான். வரவில்லை.

அம்மா தானாகவே "இருக்கேன்" என்றார்.

"கூப்பிடாத பேருக்கு எதுக்கு பதிலு?" என்றார் மண்டோர்.

"மண்டோரே, ஒரு பேரு விட்டுப் போச்சு," என்றார் அக்கா. கிராணி பக்கத்தில்தான் நின்றார். மண்டோர் கிராணியின் முகத்தைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். கூப்பிடவில்லை.

அன்றே அக்கா தனக்குக் காய்ச்சல் என்று டிரஸ்ஸரிடம் சொன்னார். மாத்திரையைத் தினமும் அவர் எதிரிலேயே விழுங்க வேண்டும், அதுதான் அப்போது சட்டம். அக்கா அதைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு வந்து அம்மாவின் வாயில் போடுவார். பாதி கரைந்திருக்கும்... அந்தக் கசப்பில் அக்காவின் முகம் கோணிப்போகும்.

அம்மா எழுந்து உட்கார்ந்தார். கஞ்சி குடித்தார். அப்புறம் ஒருநாள் டிரஸ்ஸர் அக்காவின் வாயைத் திறந்து காட்டச் சொன்னார்.

அக்காவுக்கு வேலை போனது, அம்மாவுக்கு மாத்திரையும் நின்றது. அம்மா அந்த வேலிக்குள்ளேயே செத்துப்போனார்.

போன மாதம் தெமியாங் பார்மசியில் ஒரு பெண், "ஆன்ட்டி, இந்த மாத்திரைக்கு உங்க இன்சூரன்ஸ் கவர் பண்ணாது," என்றாள். ஏன் என்று கேட்டேன். கம்ப்யூட்டரைப் பார்த்தாள். அக்காவாக இருந்தால் என்னை உட்கார வைத்துச் சொல்லியிருப்பார்.

போய் வாங்க அக்கா. அம்மாவைப் பார்த்தால் நான் கேட்டதாகச் சொல்லுங்கள்.

டிரஸ்ஸர் அவர் வேலையைப் பார்த்தார், கிராணி யாரோ எவரோ. அவர்களை விட்டுவிட்டேன்.

பெயர் கூப்பிட்ட மண்டோர் அம்மாவின் கூடப்பிறந்த தம்பி. என் தாய்மாமன். ரெங்கசாமி.