கேட்காமல் விட்ட பீங்கான்

எண்பதுகளின் கடைசியில் என் மகளின் கால் எலும்பில் ஒரு குழி விழுந்திருந்தது. விழுப்புரம் மருத்துவர், "எலும்பு மாதிரி ஒரு பொருளை அதுல அடைச்சா, புது எலும்பு வளரும்ங்க" என்றார்.

நாங்கள் ஜைனர்கள், நிலத்துக்குக்கூட எலும்புத்தூள் உரம் போடாதவர்கள். மாட்டெலும்பு என்று நானே முடிவுகட்டி, கேட்கக் கூச்சப்பட்டு, அவளை அழைத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். திண்டிவனத்தில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது அந்தக் கால் முறிந்தது.

திரும்பிப் போய், மாட்டெலும்பு என்று நினைத்ததைச் சொன்னேன். "அது சூளையில சுட்ட பீங்கான்ங்க. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றார் மருத்துவர்.

"ஏம்பா, கேக்காமயா என்னை இட்டுக்கினு வந்துட்டே?" என்றாள் மகள்.

அதையே வைத்து அடைத்தார்கள். ஆனால் முறிந்ததில் கால் சற்றுக் குட்டையாகிவிட்டது. இப்போதெல்லாம் எந்த மருந்தானாலும், "இது எதுல செஞ்சது?" என்று கேட்டுவிடுகிறேன். அவள் நடந்து வரும்போது மட்டும் வேறு பக்கம் பார்த்துக்கொள்கிறேன்.