உரித்து எடுக்கக்கூடிய வெள்ளி நிறம்

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. ஒரு வியாழக்கிழமை காலை, ராஜா அண்ணாமலைபுரத்தில் அம்மாவின் வீட்டு வாசலில் அலுவலகம் கிளம்பக் காரில் உட்கார்ந்திருந்தேன். நான் பிரிந்து வந்துவிட்ட கணவன் ஸ்கூட்டரைக் குறுக்கே நிறுத்தினான்.

2. கண்ணாடியை இறக்கச் சொன்னான். நான் இறக்கவில்லை. இரும்புக் கம்பியால் அடித்து உடைத்தான்.

3. உடைந்த வழியே கையை விட்டு என் முடியைப் பிடித்து, நெற்றியை ஸ்டியரிங்கில் மோதினான். ஒவ்வொரு மோதலுக்கும் ஹாரன் அடித்தது.

4. இறங்கி ஓடப் பார்த்தேன். கதவை என் இடது கையின் மேல் சாத்தினான். மோதிர விரல் உடைந்தது.

5. பிறகு, எந்த அவசரமும் இல்லாமல், ஸ்கூட்டர் சாவியால் பானெட் முழுவதும் ஒரு சொல்லைக் கீறினான்.

6. தெருமுனையில் ஒரு தண்ணீர் லாரி திரும்பியதும் போய்விட்டான். நடந்ததைப் பார்த்தவர் ஒருவரும் இல்லை.

அந்தச் சொல்லை இங்கே எழுதப் போவதில்லை. நம் ஊரில் ஒரு பெண்ணைத் திட்ட நினைப்பவனின் வாயில் முதலில் வருவது அதுதான். திருமணமாகி தி.நகரில் அவனோடு இருந்த காலத்தில் அதை அடிக்கடி கேட்டிருக்கிறேன். கைக்கு எட்டியதை எடுத்து அடிப்பான்: குக்கர் மூடி, லேப்டாப் சார்ஜர், ஒருமுறை ஈரத் துண்டின் முடிச்சு. அடித்து முடித்ததும் பொருளை எடுத்த இடத்திலேயே வைப்பான். அடி பட்டு ஒரு காது ஒரு வாரம் கேட்காமல் போன பிறகு நான் அம்மாவிடம் வந்துவிட்டேன்.

புகார் கொடுத்தேன். எல்லாம் விபத்து என்று அவன் எழுதிக் கொடுத்தான். பழைய வண்டி, கண்ணாடி தானாக நொறுங்கியதாம். பதற்றத்தில் நானே கதவில் கையைக் கொடுத்துக்கொண்டேனாம். கண்ணாடி தானாக உடையலாம், விரல் தானாக மாட்டலாம். ஒரு சொல் தானாகக் கீறிக்கொள்ளாது. என் வழக்கு முழுவதும் அந்தப் பானெட்டின் மேல்தான் நின்றது. மகளிர் காவல் நிலையத்தின் உதவி ஆய்வாளரும் அதைத்தான் சொன்னார்.

"போட்டோ மட்டும் போதாதும்மா. கம்ப்யூட்டர்ல செஞ்சதுன்னு அந்த சைடு வக்கீல் சொல்லுவாரு. வண்டிய அப்படியே வச்சிருங்க. பெயிண்ட் கியிண்ட் அடிச்சிராதீங்க."

அம்மா நேர்மாறாகச் சொன்னாள். "தெருவுல போறவா எல்லாம் நின்னு படிக்கறாடீ. பெயிண்ட அடிச்சுட்டு மறந்து தொலையேன்."

வண்டியை மூடிவைத்துவிட்டு ரயிலில் போகலாம்தான். ஆனால் மந்தைவெளி நிலையப் படிக்கட்டில் இரண்டு முறை அவன் எனக்காக நின்றிருக்கிறான். கதவைப் பூட்டிக்கொள்ள முடிகிற ஒரே வாகனம் எனக்கு அந்தக் கார். முதல் சம்பளங்களைச் சேர்த்து மூன்றாவது கையாக வாங்கியது. புதுக் கண்ணாடி போட்டு, கட்டுப்போட்ட விரலோடு ஓட்டினேன். அடையாறு பாலத்துக்கு முந்தைய சிக்னலில் பைக்கில் இருந்த இருவர் பானெட்டைப் பார்த்தார்கள்.

"மச்சி, இங்க பாரு. போர்டு மாட்டிகினு போறாங்க."

"மேடம், ட்யூட்டி எத்தினி மணி வரிக்கும்?"

பின்னால் இருந்தவன் இறங்கி வந்து பானெட்டைக் கையால் அறைந்தான். சிக்னல் விழுந்தது. அலுவலகம் போய்ச் சேர்ந்தபோது என் கீழுதட்டில் என் பல்லே பதிந்திருந்தது.

நான் வேலை பார்ப்பது வாகன உதிரிபாகங்களின் மேற்பூச்சைச் சோதிக்கும் பிரிவில். ஒரு பூச்சு எவ்வளவு இறுக்கமாக ஒட்டியிருக்கிறது, என்ன செய்தால் கழன்றுவரும் என்பதுதான் நாள் முழுவதும் என் கவலை. அப்படி இருந்தும் இந்த யோசனை வர எனக்குச் சில நாள் ஆயிற்று. பெயிண்டைப் போலவே தெளிக்கிற ரப்பர் ஒன்று டப்பாவில் கிடைக்கிறது. காய்ந்ததும் தோலைப் போல இறுகிக்கொள்ளும். வேண்டாம் என்றால் ஓரத்தைக் கிளப்பி உரித்துவிடலாம். அடியில் இருப்பது இருந்தபடியே இருக்கும். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள வெள்ளி நிறத்திலேயே வாங்கினேன்.

பழைய காரில் ஒரு அபாயம் உண்டு. அசல் பெயிண்ட் பொருக்கு விட்டிருந்தால், உரிக்கும்போது ரப்பரோடு சேர்ந்து அதுவும் வந்துவிடும். டிக்கியின் ஒரு மூலையில் முதலில் அடித்து, காயவிட்டு, உரித்துப் பார்த்தேன். பெயிண்ட் தாங்கியது. பிறகு கண்ணாடிகளைச் செய்தித்தாளால் மறைத்து, முகமூடி மாட்டிக்கொண்டு, பார்க்கிங் நிழலில் பானெட்டுக்கு அடித்தேன். முதல் பூச்சுக்குப் பிறகும் சொல் தெரிந்தது. இரண்டாவதில் இன்னும் துல்லியமாகத் தெரிந்தது; பளபளப்பு போய்விட்டதால் பள்ளங்கள் எடுத்துக்காட்டின. மெல்லிசாக அடித்து, காயவிட்டு, மறுபடி அடித்து என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போயிற்று. ஒவ்வொரு எழுத்தாக மூழ்கியது. கடைசி எழுத்து போனதும் அங்கேயே சிமென்ட் தரையில் உட்கார்ந்து வாந்தி எடுத்தேன். ரப்பரின் நெடி அப்படி.

சில வாரங்கள் நிம்மதியாக ஓட்டினேன். அதன் பிறகு மாமா வந்தார்.

மாமா அம்மாவின் தம்பி. மயிலாப்பூரில் இருக்கிறார், குரல் உயர்த்தத் தெரியாதவர். இந்த வரனைக் கொண்டு வந்தவரும் அவரே. என் கல்யாணம் முறிந்ததைத் தன்னுடைய கைப்பிழையாகவே நினைத்துக் குறுகிப்போயிருந்தார். 'வண்டியில் கீறிவிட்டான்' என்பதற்கு மேல் அம்மா அவரிடம் சொல்லவில்லை. அந்தச் சொல்லை அவளால் வாயால் சொல்ல முடியாது. மாமா பார்க்கும்போது பானெட்டில் ரப்பர் ஏறிவிட்டிருந்தது.

"என்னடீ இது, வண்டிக்கு விபூதி பூசினாப்ல இருக்கு? ஏ.சி. வேற சரியில்லேன்னியே. நீ இந்த வாரம் ஆத்துலேர்ந்துதானே வேலை பாக்கறே? சாவியைக் குடு, நான் பாத்துண்டு வரேன்."

கொடுத்தேன்.

சனிக்கிழமை வண்டி திரும்பி வந்தது. பானெட் கண்ணாடி மாதிரி மின்னியது. நடுவில் சந்தனம், குங்குமம்.

"ராயப்பேட்டையில நமக்குத் தெரிஞ்ச பெயின்டர். நல்ல நாள் பாத்துக் குடுத்தேன்," என்றார் மாமா. "மாப்பிள்ளை இறங்கி வந்திருக்கார். நாளைக்கு நம்மாத்துல உக்காந்து பேசிடலாம். கீறலே இல்லேங்கறச்சே கேஸுக்கு என்ன வேலை, சொல்லு?"

நான் பானெட்டைக் குனிந்து பார்த்தேன். "பட்டி பாத்தாரா? தேச்சாரா?"

"அவன் ஒரு விட்டேத்தி. 'கோடே இல்லியே சார், பட்டி இன்னாத்துக்கு?'ன்னான். ஆனா நான் விடலையே, நன்னா தேச்சுட்டு அடின்னு கண்டிப்பா சொல்லிட்டேன்."

பெயின்டர் எவ்வளவு தேய்த்தார் என்று மாமாவுக்குத் தெரியவில்லை. அவர் போனதும் பானெட்டின் ஓரத்தில் நகத்தை அழுத்தினேன். மெத்தென்று உள்வாங்கியது. ஒரு மூலையில் பெயிண்டில் கலந்த தின்னர் பட்ட இடம் பாலாடையைப் போலச் சுருங்கியிருந்தது. ஆக, ஓரங்களில் ரப்பர் இருக்கிறது. நடுவில் தேய்த்தபோது ரப்பர் போய், அதற்கும் கீழே தகடு வரை போயிருந்தால், சொல்லும் போயிருக்கும். உரித்துப் பார்த்தால்தான் தெரியும். என் வழக்கை நடத்தும் பெண் வக்கீலுக்குப் போன் செய்தேன்.

"தனியா உரிச்சு வைக்காதே," என்றார் அவர். "அப்புறம் நீயே கீறினேம்பாங்க. பெரிய மனுஷங்க நாலு பேர் பார்க்க உரி. வீடியோ எடு."

மறுநாள் மாமா வீட்டுக்கு அந்தக் காரிலேயே அம்மாவை அழைத்துப் போனேன். மூன்றாவது மாடி. அவன் எனக்கு முன்பே வந்து, காபி குடித்து முடித்திருந்தான்.

"நான் எதையும் மனசுல வச்சுக்கல மாமா," என்றான். "அவளுக்கு வேலை டென்ஷன், எதையாவது கற்பனை பண்ணிக்குவா. வண்டி கீழதான நிக்குது? ஒரே ஒரு கீறல் காட்டச் சொல்லுங்க. இங்கயே கால்ல விழறேன்."

மாமா சங்கடமாகச் சிரித்தார்.

"வாங்க, காட்டறேன்," என்று எழுந்தேன்.

"எங்கடீ?" என்றாள் அம்மா. எல்லோரும் இறங்கி வந்தார்கள். அவன் சாவியை விரலில் சுற்றிக்கொண்டே வந்தான்.

போனை வீடியோவில் போட்டுப் பக்கத்து ஸ்கூட்டரின் சீட்டில் சாய்த்து வைத்தேன். வெயிலில் பானெட் சூடாகியிருந்தது. சூட்டில் ரப்பர் இளகிக் கொடுக்கும். சுருங்கிய மூலையில் நகத்தை விட்டுக் கிளப்பினேன். முதலில் துணுக்குத் துணுக்காகப் பிய்ந்தது. மேலே அடித்த பெயிண்ட் அதை விறைப்பாக்கியிருந்தது. இன்னொரு ஓரம் பார்த்தேன். இம்முறை உள்ளங்கை அகலத்துக்கு எழும்பியது. இடது கையின் கட்டு விரல் உதவவில்லை. வலது கையால் பிடித்து, தாழ்வாக, விடாமல் இழுத்தேன். பெயிண்டும் குங்குமமும் ரப்பரும் ஒரே தோலாக, காயத்தின் பிளாஸ்திரியைப் போலச் சத்தத்தோடு உரிந்தன. பெயின்டர் தேய்த்தது பேருக்குத்தான்.

சொல் முழுதாக இருந்தது. என் கையில் தொங்கிய தோலின் அடிப்பக்கத்திலும் இருந்தது, கண்ணாடியில் தெரிவதைப் போல இடவலம் மாறி, எழுத்துகள் மேடாக.

மாமா குனிந்து படித்தார். உதடுகள் அசைந்தன. நிமிர்ந்து அவனைப் பார்த்தார். "இதையா எழுதினே? எங்காத்துப் பொண்ணை?"

அவன் குனிந்தான். ஒரு காரின் சக்கரத்துக்கு அண்டக் கொடுத்திருந்த பாதிச் செங்கல்லை எடுத்தான். எனக்குத்தான் என்று நினைத்துத் தலையை மூடிக்கொண்டேன். அவன் பானெட்டின் மேல் பாய்ந்து அந்தச் சொல்லைத் தேய்த்தான். முன்னும் பின்னுமாக, உடல் எடையை எல்லாம் கொடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு. தகடு அலறியது. செங்கல் பொடி பறந்து என் கண்ணில் விழுந்தது.

"மாப்ளே, விடுங்கோ. மாப்ளே!" என்று மாமா அவன் தோளைப் பிடித்தார். அவன் திரும்பியே பார்க்காமல் செங்கல் கையைப் பின்னால் வீசினான். அது மாமாவின் வாயில் பட்டது. ஈரக் கட்டை முறிகிற சத்தம். மாமா உட்கார்ந்துவிட்டார். வெள்ளைச் சட்டையின் முன்பக்கம் சிவந்தது. அம்மா கத்திய கத்தலில் மாடிக் கதவுகள் திறந்தன.

வாட்ச்மேன் அவனைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்தார். "யோவ், இன்னாய்யா நீ! வயசானவரு மூஞ்சில கல்லால அட்சிகினு கீற? யாராச்சும் வாங்கப்பா!" இஸ்திரி வண்டிக்காரரும் முதல் மாடிக் குடித்தனக்காரரும் ஓடி வந்து அவனைத் தரையில் சாய்த்து மேலே உட்கார்ந்தார்கள். அப்போதும் அவன் அந்தச் சொல்லை, இம்முறை வாயால், எல்லோர் முன்னிலும், மூச்சு முட்டும் வரை சொல்லிக்கொண்டிருந்தான். போன் ஓடிக்கொண்டிருந்தது.

மாமாவுக்கு மேலுதட்டில் தையல். முன்பற்கள் இரண்டு போயின. காவல் நிலையத்தில் செங்கல்லைப் பற்றி முழுவதும் எழுதிக் கொடுத்தார். பெயிண்ட் அடித்ததைப் பற்றிக் கேட்டபோது, "சர்வீஸுக்கு விட்டிருந்தேன்," என்றார். நான் திருத்தவில்லை, பெயின்டரின் பெயரை மட்டும் தனியாகக் கொடுத்தேன். உதவி ஆய்வாளர் பானெட்டின் மேல் விரலை ஓட்டிப் படித்தார். செங்கல் கோடுகள் குறுக்கே ஓடினாலும், சாவி ஆழமாகப் போயிருந்ததால் சொல் படிக்கும்படி இருந்தது. உரித்த தோலையும் வாங்கி வைத்துக்கொண்டார்.

இப்போதைய நிலை இதுதான். வழக்கு நீதிமன்றத்தில் இருக்கிறது, தீர்ப்பு வரவில்லை. அவன் ஜாமீனில் வெளியே இருக்கிறான். எங்கள் தெருவுக்கோ என் அலுவலகத்துக்கோ வரக் கூடாது என்று உத்தரவு, இதுவரை வரவில்லை. மாமா சாட்சி சொல்லச் சம்மதித்திருக்கிறார். அம்மாவிடம் பேசுகிறார், என்னிடம் பேசுவதில்லை. என் விரல் முழுதாக மடங்கவில்லை. அதிகாரிகள் அளந்து படம் எடுத்துக்கொண்ட பிறகு பானெட்டுக்கு மறுபடியும் ரப்பர் அடித்து, அந்தக் காரில்தான் வேலைக்குப் போய் வருகிறேன்.